புதுப்பயனரின் முதல் தொகுப்பைக் கையாளும் முறை

தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்களைப் பார்த்து வரும்போது, பேச்சுப் பக்கம் (பயனருக்குச் செய்தி எழுதும் இடம்) இன்னும் சிவப்பு இணைப்பாகவே, அதாவது யாரும் எதுவும் எழுதாததாகவே, இருக்கும் ஒரு பெயர் கண்ணில் பட்டால், அவருடைய தொகுப்பை (அவர் எழுதியதை அல்லது மாற்றியதை) தொடுவதற்கு முன் பங்களிப்புகள் பக்கத்தைத் திறந்து, அவர் அன்றுதான் எழுதத் தொடங்கியவரா என்று பாருங்கள்.

அவர் தம் ஊர்க் கோயிலைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் ஊரில் அருள்பாலிக்கும் அம்மன்" என்று கட்டுரை தொடங்குகிறது, மேற்கோள் (ஆதாரம்) இல்லை, சந்திப் பிழைகள் இரண்டு உள்ளன. கட்டுரையை நீக்கக் கோரும் ஆயத்த அறிவிப்பான நீக்கல் வார்ப்புருவை இடுவது நொடி வேலைதான். ஆனால் அந்த நான்கு வரிக்கு அவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டிருக்கக்கூடும். எனவே "எங்கள் ஊர்" என்பதை ஊர்ப்பெயராக மாற்றி, பிழைகளைத் திருத்தி, பொருத்தமான பகுப்பை (கட்டுரை எந்த வகையைச் சேர்ந்தது என்ற குறிப்பை) சேர்த்துவிட்டு, அவரது பேச்சுப் பக்கத்தில் உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள்: "வணக்கம். கட்டுரைக்கு நன்றி. தேர்த் திருவிழா பற்றிய செய்தி எந்த நூலிலோ நாளிதழிலோ வந்துள்ளது? சொன்னால், மேற்கோளாகச் சேர்க்கும் முறையைக் காட்டுகிறேன்." விதிகளுக்கான இணைப்புகளை அடுக்கும் வரவேற்பு வார்ப்புருவில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அதைப் படித்து முடிப்பவர் அரிது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்போரின் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பின்னர் பல ஆண்டுகள் இறங்கியது. விஷமத் தொகுப்புகளைத் தடுக்க வந்த தானியங்கிக் கருவிகளும் இறுகிய விதிகளும், நல்லெண்ணத்துடன் எழுத வந்தவர்களின் தொகுப்புகளையும் சேர்த்தே அழித்ததால் புதியவர்கள் நிலைக்கவில்லை என்பதை ஆய்வாளர்கள் காட்டினர். புதியவர்கள் தயங்காமல் கேள்வி கேட்பதற்கென்றே 2012இல் அங்கு தேநீர் இல்லம் என்ற பக்கம் திறக்கப்பட்டது. தமிழில் அதற்கு ஒத்தாசைப் பக்கம் உண்டு. அதன் இணைப்பையும் உங்கள் செய்தியில் கொடுங்கள்.

பதிப்புரிமை மீறலுக்கும் அவதூறுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. அவற்றை உடனே நீக்குங்கள். ஆனால் காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது விளக்கம் எழுதும் கட்டத்தில்) முழு வாக்கியமாக எழுதுங்கள். வேறொருவர் ஏற்கெனவே குறை சொல்லியிருந்தால், நீங்களும் அதையே சொல்லப் போகாதீர்கள்.

ஒரு வாரம் கழித்துக் கட்டுரையை மறுபடி திறந்து பாருங்கள். மறுமொழி வரவில்லையென்றால், மேற்கோளை நீங்களே தேடிச் சேர்த்து, சேர்த்த செய்தியை அவருக்கு ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.