அமைச்சரின் விமானச் செலவுக்குக் காரணம் எழுதுவது எப்படி

அமைச்சர் அலுவலகத்தில் பயணக் கோப்பு பார்ப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு தனி விமானப் பயணத்துக்கு ‘அவசர அரசுப் பணி’ என்று மூன்றே வார்த்தையில் காரணம் எழுதி அனுப்பினேன். கோப்பு திரும்பி வந்தபோது, தணிக்கை அதிகாரி அந்த மூன்று வார்த்தையையும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘எது அவசரம்?’ என்று கேட்டிருந்தார். அடுத்த தாளிலேயே கூட்ட அழைப்பு இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே வந்தது. என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து விமானம் கிளம்பும் முன்பே குறிப்பை எழுதி முடித்துவிடுகிறேன்.

அமைச்சர் ஏன் நேரில் போக வேண்டும் என்பதை முதல் வரியில் சொல்லுங்கள். காணொளியில் முடியும் வேலை என்றால் விமானக் கணக்கே வேண்டாம். அப்புறம் அன்றைக்கு இருந்த பயணிகள் விமானங்களின் நேரத்தை எழுதி, எது ஏன் ஒத்துவரவில்லை என்று காட்டுங்கள். ‘கூட்டம் மாலை 6 மணிக்கு முடிகிறது, கடைசி விமானம் 5.40க்கு, மறுநாள் காலை 9 மணிக்கு அமைச்சரவைக் கூட்டம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். காரில் போகும் நேரத்தையும் விடாதீர்கள். 2014இல் ஆஸ்திரேலிய சபாநாயகர் பிரான்வின் பிஷப் மெல்போர்னிலிருந்து ஜீலாங்குக்கு ஹெலிகாப்டரில் போனார். காரில் ஒரு மணி நேரம் போதும். செலவு 5,000 டாலருக்கு மேல், போனதோ கட்சிக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு. பதவியே போயிற்று.

செலவுக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தனி விமானத்துக்குப் பறக்கும் மணிக்கணக்கில்தான் பணம். அமைச்சர் ஏறியிருக்கும் நேரத்தை மட்டும் போட்டால் அது பொய்க்கணக்கு. இரண்டு மணி நேரத் தூரம் என்று வையுங்கள். விமானம் அவரை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி, மறுநாள் காலியாகவே வந்து ஏற்றிக்கொண்டால், நாலு மணி நேரம் எட்டாகிவிடும். அங்கேயே நிறுத்திவைத்தால் நிறுத்தக் கட்டணமும் விமானிகளின் தங்கும் செலவும் சேரும். இரண்டையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கேளுங்கள். தரையிறங்கும் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள். அரசின் சொந்த விமானம் என்றாலும் எரிபொருளும் பராமரிப்பும் இலவசம் இல்லை.

உடன் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே என்ன வேலை என்று எழுதுங்கள். அதிகாரிகள் ஆறு பேர் போனால் ஆறு டிக்கெட் விலையோடு ஒப்பிடலாம், அது நியாயம். சீட் காலியாகத்தானே இருந்தது என்று குடும்பத்தாரை ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. குறைந்தது வழக்கமான டிக்கெட் பணமாவது அவர்கள் கையிலிருந்து வர வேண்டும். ஆனால் டிக்கெட் விலை வேறு, விமானத்தின் விலை வேறு. 2017இல் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் டாம் பிரைஸின் தனி விமானப் பயணங்களுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் ஆனதாகச் செய்தி வந்தபோது, தன் சீட்டுக்கான பங்கு என்று அவர் கொடுக்க முன்வந்தது சுமார் 52,000 டாலர். மறுநாளே பதவி விலகினார்.

கட்சி நிகழ்ச்சி ஒன்றும் அதே பயணத்தில் இருந்தால் அதன் பங்கை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் உண்மையில் பறந்த மணி, ஏறியவர்கள் பெயர், மதிப்பீட்டுக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றையும் அதே தாளின் கீழே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.