ஃபெரிட்டின் ரிப்போர்ட்ட பாத்து நாம பண்ற தப்புகள்

எங்க அத்தை போன மாசம் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட நீட்டுனாங்க. ஹீமோகுளோபின் 9, ஃபெரிட்டின் 60. "இரும்பு ரேஞ்சுக்குள்ளதானடா இருக்கு, அப்புறம் ஏன் மாடி ஏறுனா இப்படி மூச்சு வாங்குது"ன்னு கேட்டாங்க. அதுக்கு முந்தின வாரம்தான் காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சிருந்தாங்க, அத லேப்ல யாரும் கேக்கவும் இல்ல இவங்க சொல்லவும் இல்ல.

முதல் தப்பு ஃபெரிட்டின்னாலே இரும்புன்னு நெனைக்கிறது. அது இரும்பு இல்லீங்க, இரும்ப போட்டு வைக்கிற டப்பா. 24 புரதத் துண்டு சேந்து ஒரு உருண்டை, குறுக்களவு 12 நானோமீட்டர், உள்ள 8 நானோமீட்டருக்கு காலி இடம், அதுல 4500 இரும்பு அணு வரைக்கும் அடங்கும். 1937ல லாஃப்பெர்கர்ங்கிற செக் விஞ்ஞானி குதிரையோட மண்ணீரல்ல இருந்து இத பிரிச்செடுத்தார்.

டப்பா எதுக்குன்னா, இரும்ப செல்லுக்குள்ள சும்மா திரிய விட்டா அங்க இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடோட சேந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் உண்டாக்கும், அது டி.என்.ஏ., செல் சவ்வுன்னு கையில கெடச்சத எல்லாம் நாசம் பண்ணிட்டு போயிடும். அதனால உருண்டையில இருக்கிற குட்டி ஓட்டை வழியா ஃபெரஸ்ங்கிற கரையுற வடிவத்துல இரும்பு உள்ள வருது, அந்த 24 துண்டுல எச், எல்னு ரெண்டு வகை உண்டு, எச் துண்டு அத ஃபெரிக்குங்கிற கரையாத வடிவமா மாத்துது, எல் துண்டு அத உள்ளயே படிய வைக்குது. நம்ம வீட்டு கேட்டுல பிடிக்கிற துருவுக்கு நெருங்கின சொந்தம்தான் அது, என்ன, கேட்டுல பிடிச்சா திட்டுறோம், இங்க அதுதான் நம்மள காப்பாத்துது. இரும்பு தேவப்பட்டா என்.சி.ஓ.ஏ.4னு ஒரு புரதம் டப்பாவோட இழுத்துட்டு போய் லைசோசோம்ங்கிற செல்லோட ஜீரணப் பையில விடும், அங்க ஒடைச்சு இரும்ப எடுத்துக்கும்.

ரெண்டாவது, அத்தை பண்ணுன அதே தப்பு. காய்ச்சலோ உடம்புல எங்கயாவது அழற்சியோ இருக்கும்போது எடுத்த ஃபெரிட்டின அப்படியே நம்புறது. கிருமிக்கும் இரும்பு வேணும், அதனால உடம்பு அத ஒளிச்சு வைக்கும், ஈரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன விட்டு இரும்பு வெளிய வர்ற கதவ சாத்தும், ஃபெரிட்டினும் ஏறும். அதோட ரத்தத்துல சுத்துற ஃபெரிட்டின்ல இரும்பு ரொம்ப கம்மி, பெரும்பாலும் காலி டப்பாதான். நல்லா இருக்கிற பெரியவங்களுக்கு 15க்கு கீழ போனா குறைபாடுன்னு சொல்ற உலக சுகாதார நிறுவனம், அழற்சி இருந்தா 70க்கு கீழன்னு கோட்ட ஏத்தி வச்சிருக்கு. அழற்சி இருக்கான்னு காட்டுற சி.ஆர்.பி. டெஸ்டையும் சேத்து பாத்தா குழப்பம் பாதி தீரும். அத்தைக்கு ஒன்றரை மாசம் கழிச்சு திரும்ப எடுத்தப்போ ஃபெரிட்டின் 11.

அப்புறம் மாத்திரை. ஹீமோகுளோபின் ஏறுனதும் நிறுத்திடுறாங்க, ஆனா உடம்பு வர்ற இரும்ப மொதல்ல ரத்தத்துக்குத்தான் குடுக்கும், டப்பா நிறையறது கடைசிலதான், அதான் இன்னும் ஒரு மூணு மாசம் போடச் சொல்றது. சீக்கிரம் ஏறட்டும்னு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை போடுறதும் வேஸ்ட், ஒரு டோஸ் போனாலே ஹெப்சிடின் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஏறி நிக்கும், அடுத்தத குடல் சரியா உறிஞ்சாது. சில டாக்டர்ங்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்றது இதுக்குத்தான். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா இரும்பு சரியா உறிஞ்சாதுன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

தலசீமியா மைனர்ங்கிற, பரம்பரையா வர்ற லேசான ரத்தக் கோளாறு இருக்கிறவங்க கத இன்னும் மோசம், சிவப்பணு சின்னதா இருக்குன்னு ஃபெரிட்டின் பாக்காமலே வருஷக்கணக்கா இரும்பு முழுங்குவாங்க. தேவைக்கு மேல போன இரும்ப வெளிய தள்ளன்னு உடம்புல தனியா வழி கெடையாது.

கடைசியா ஒண்ணு. அந்த மாத்திரை சிவப்பா மினுமினுன்னு மிட்டாய் மாதிரியே இருக்கும், குட்டிப் பசங்க எடுத்து பத்து பதினஞ்சு முழுங்கிட்டா ரத்தத்துல இரும்ப சுமக்கிற டிரான்ஸ்ஃபெரின் நிரம்பி வழியும், மிச்சத்த போட்டு வைக்க உடனே டப்பா இருக்காது, ஈரல் வரைக்கும் அடி வாங்கும். மொதல்ல வாந்தி எடுப்பாங்க, அப்புறம் சில மணி நேரம் நல்லா ஆயிட்ட மாதிரி விளையாடுவாங்க. அத நம்பி வீட்ல உக்காந்துடாதீங்க, காலி அட்டைய கையில எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.