‘இரு’வைப் பிடித்தால் ஐரிஷ் ‘தா’ வந்துவிடும்

என் மகள் அயர்லாந்தின் கால்வே நகரில் செவிலியராக இருக்கிறாள். அதற்கு மேற்கே கொனமாராவில் இன்றும் வீட்டில் ஐரிஷ் பேசுகிறவர்கள் உண்டு. அவளோடு சேர்ந்து நானும் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து அந்த மொழியைப் படிக்கிறேன். முதல் மூன்று மாதங்களை ஆங்கிலம் வழியாகப் படித்து வீணாக்கிவிட்டேன். நீங்கள் தமிழ் வழியாகவே போங்கள்.

நம் ‘இருக்கிறது’ என்பதற்கு ஐரிஷில் ‘தா’ என்பார்கள். முதலில் அதன் உச்சரிப்பு. ஆங்கில ‘டா’ வேண்டாம். நாக்கைப் பல்லில் வைத்து நம் ‘தா’வையே சொல்லுங்கள், அதுதான் சரி.

அடுத்து, கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு வாருங்கள். “அக்கா, வஞ்சிரம் இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கிறது” என்பார், அல்லது “இல்லை” என்பார். ஐரிஷிலும் கேட்ட வினையைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆம்’ என்று தனிச்சொல் கிடையாது. “அன் வில் ஈயஸ்க் அகத்?” என்றால் ‘உன்னிடம் மீன் இருக்கிறதா?’ பதில் “தா” (இருக்கிறது) அல்லது “நீல்” (இல்லை). கேள்வியில் ‘தா’தான் ‘வில்’ என்று மாறி நிற்கிறது. உடைமையைச் சொல்லவும் வேறு வினை இல்லை. “என்னிடம் மீன் இருக்கிறது” என்பதைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: இருக்கிறது, மீன், என்னிடம். “தா ஈயஸ்க் அகம்.” அவ்வளவுதான்! வினை பொதுவாக முன்னால் வரும்.

‘தா’ என்பதன் வேர் ‘நில்’ என்ற பொருளுடையது. ‘ஸ்தானம்’ என்ற சொல்லில் இருக்கும் அதே இந்தோ-ஐரோப்பிய வேர். கேள்வியில் வரும் ‘வில்’லுக்கு வேர் வேறு. ‘பார்’ என்ற பொருளில் பிறந்தது. ‘தா’வின் இறந்தகாலம் ‘வீ’, எதிர்காலம் ‘பெய்’. இவை ‘பவ’ என்ற வடசொல்லுக்கு உறவு.

நான் அதிகம் தடுமாறியது ‘இருக்கும்’ என்ற சொல்லில்தான். “விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் இருக்கும்” என்பது அன்றாட வழக்கம். “நாளைக்கு மீன் இருக்கும்” என்பது இனி நடக்கப்போவது. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். ஐரிஷில் முன்னது ‘பீன்’, பின்னது ‘பெய்’. ‘இருக்கும்’ என்று மனத்தில் வந்தவுடன் அதற்கு முன் ‘தினமும்’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘பீன்’ போடுங்கள். இந்தச் சோதனை என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

“அவள் செவிலியர்” என்பதில் நமக்கு வினையே இல்லை அல்லவா? இப்படிப் பெயரோடு பெயரைச் சேர்க்கும் இடத்தில் ‘தா’ வராது, ‘இஸ்’ வரும்: “இஸ் பனல்த்ர ஈ.” இதை மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, “அம்மா, அது நான்தான்” என்றாள்.