கந்தாயமும் சப்அர்பன் ரயிலும்: எதை யார்கிட்ட எப்படி கேக்கறது

பெங்களூருல பானஸ்வாடி, லிங்கராஜபுரம், சேவா நகர், கஸ்தூரி நகர் பக்கம் சொந்த வீடு வச்சிருக்கற நம்ம ஆளுங்களுக்காக இதை எழுதறேன். இந்தப் பக்கம் எந்த மீட்டிங் போனாலும் ரெண்டு விஷயம், கந்தாயம்ங்கற வீட்டு வரியும் சப்அர்பன் (புறநகர்) ரயிலும், ஒண்ணா கலந்துடுது, இவ்ளோ கந்தாயம் கட்டறோமே ரயில் எங்கன்னு யாராவது கேப்பாங்க, மேடையில இருக்கறவர் அது எங்க கையில இல்லம்மான்னு சொல்லிட்டு அடுத்த ஆளை கூப்பிட்டுடுவாரு, அத்தோட முடிஞ்சது. கேள்வி நியாயமானதுதான், கேட்ட இடம்தான் தப்பு.

அதனால முதல்ல எந்தப் பணம் யாரோடதுன்னு பிரிச்சுக்கோங்க. சப்அர்பன் ரயில் 148 கிலோமீட்டர், நாலு காரிடார், 15,767 கோடி, 2020 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஓகே பண்ணுச்சு. 20 பர்சென்ட் மத்திய அரசு, 20 பர்சென்ட் மாநில அரசு, மிச்சம் 60 கடன். கட்டறது கே-ரைடு, அது மாநில அரசும் ரயில்வேயும் சேர்ந்து நடத்தற கம்பெனி. நம்ம பக்கம் வர்றது பையப்பனஹள்ளி–சிக்கபாணாவரா லைன், காரிடார் 2. 2022 ஜூன்ல அடிக்கல் நாட்டினப்போ 40 மாசத்துல முடிப்போம்னு சொன்னாங்க, அந்த 40 மாசம் 2025 அக்டோபரோட தாண்டிப்போச்சு, நடுவுல அதே 2025-ல காரிடார் 2, 4 வேலை எடுத்த காண்ட்ராக்டரும் விலகிட்டாங்க. லேட்டுக்கு பதில் கேக்கணும்னா கே-ரைடு, எம்எல்ஏ, எம்பி இவங்ககிட்டதான் கேக்கணும், கந்தாயம் வாங்கற ரெவின்யூ ஆபீஸர்கிட்ட கேட்டு பிரயோஜனம் இல்ல.

கந்தாயம் வேற கதை. 2025 செப்டம்பர்ல பழைய மாநகராட்சியான பிபிஎம்பி போய் கிரேட்டர் பெங்களூரு அத்தாரிட்டிக்கு கீழ அஞ்சு கார்ப்பரேஷன் வந்துருச்சு, உங்க வீடு எதுல வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் ரசீதை கையில எடுத்து ஒரு தடவை நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. கட்டின ஏரியா சதுர அடி, அதை உங்க ஸோனோட (வரிக்காக ஊரைப் பிரிச்சிருக்கற பகுதி) யூனிட் ரேட்டால, அதாவது ஒரு சதுர அடிக்கு மாசத்துக்கு இவ்ளோன்னு வச்சிருக்கற ரேட்டால பெருக்கணும், அதை 10 மாசத்தால பெருக்கணும், பில்டிங் வயசுக்கு ஏத்தமாதிரி தேய்மானம் கழிக்கணும், வர்றதுல 20 பர்சென்ட் வரி, அந்த வரி மேல செஸ்ங்கற கூடுதல் வரி. உதாரணத்துக்கு 1000 சதுர அடி, ரேட் 2 ரூபான்னு வச்சுக்குவோம், தேய்மானத்தை விட்டுட்டா 20,000, அதுல 20 பர்சென்ட் 4,000, 24 பர்சென்ட் செஸ் போட்டா இன்னும் 960. அந்த செஸ்ல ஹெல்த், லைப்ரரி, பிச்சைக்காரர் மறுவாழ்வு எல்லாம் இருக்கு, ரயில் இல்ல. 2025-26ல இருந்து குப்பைக்கு தனி சார்ஜ் வேற இதுகூடவே வருது, அதையும் வரி ஏறிடுச்சுன்னு குழப்பிக்காதீங்க.

ஒண்ணு கட்டாயம் செக் பண்ணுங்க, வாடகைக்கு விட்ட போர்ஷனை சொந்த உபயோகம்னு போட்டிருக்கா? வாடகைக்கு விட்டா ரேட் டபுள். ஸோனும் அப்படித்தான், 2021-ல ஸோன் தப்பா போட்டிருக்குன்னு ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நோட்டீஸ் போச்சு, வித்தியாசத்தை பெனால்ட்டியோட கட்டச் சொன்னாங்க.

இப்போ ரயிலும் கந்தாயமும் எங்க சேருதுன்னா, கைடன்ஸ் வேல்யூல, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கற நில மதிப்புல. ஸ்டேஷன் வருதுன்னாலே பக்கத்து தெருவுல நிலம் விலை ஏறும், அதைப் பார்த்து ரெஜிஸ்ட்ரேஷன் டிபார்ட்மென்ட் கைடன்ஸ் வேல்யூ ஏத்துவாங்க, ஸோன் பிரிக்கறதும் அந்த வேல்யூ வச்சுத்தான். வண்டி ஓடறதுக்கு முன்னாடியே கந்தாயம் ஏறலாம், நம்ம கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். 2024 பிப்ரவரியில கைடன்ஸ் வேல்யூ அடிப்படையிலேயே நேரா வரி போடலாம்னு டிராஃப்ட் விட்டு ஆட்சேபணை கேட்டாங்க, எதிர்ப்பு வந்துச்சு, அந்த ஏப்ரல்ல அது அமலுக்கு வரல. அதனால டிராஃப்ட் நோட்டிஃபிகேஷன் வந்தா வாட்ஸ்அப்ல புலம்பாம குடுத்த தேதிக்குள்ள எழுத்துல ஆட்சேபணை குடுங்க, குடுத்ததுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் சீல் வாங்கிக்கோங்க. கைடன்ஸ் வேல்யூ டிராஃப்ட்டுக்கும் இதேதான், ஆனா அது போக வேண்டியது சப்ரிஜிஸ்ட்ரார் பக்கம்.

மீட்டிங்ல எப்படி கேக்கணும்னா, நான் பார்த்த ஒரு பாட்டியம்மாவை சொல்றேன். மஞ்சப்பையில 2008-ல இருந்து எல்லா ரசீதும் வருஷ வாரியா ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தாங்க, எழுந்து ஒரே கேள்விதான் கேட்டாங்க, என் தெருவுக்கு ஒரு ஸோன், எதிர் தெருவுக்கு வேற ஸோன், ரெண்டுக்கும் ஒரே சாக்கடைதான், ஏன்? சத்தம் போடல. ஆபீஸர் லேப்டாப்பை திறந்து தெரு பேரை தேடி அங்கேயே பதில் சொல்ல வேண்டியதாயிடுச்சு. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கத்தினவங்க யாருக்கும் பதில் வரல.

கன்னடத்துல கேளுங்க, தப்பா பேசினாலும் பரவால்ல, இங்க வாழறோம், மரியாதையும் கிடைக்கும் பதிலும் கிடைக்கும். "நம்ம வார்டல்லி ஹோத வர்ஷ எஷ்டு கந்தாய பந்திதெ, எஷ்டு கர்ச்சு மாடித்தீரி?" அதாவது, நம்ம வார்டுல போன வருஷம் எவ்ளோ கந்தாயம் வந்துச்சு, எவ்ளோ செலவு பண்ணீங்க? இந்த ஒண்ணை மனப்பாடம் பண்ணிட்டு போங்க. கார்ப்பரேஷன் நிஜமாவே செய்யக்கூடியதை கேளுங்க, ஸ்டேஷனுக்கு போற ரோடு, ஃபுட்பாத், தெரு விளக்கு, மழைநீர் கால்வாய். லைன் எப்ப வந்தாலும் இதெல்லாம் நம்ம கந்தாயத்துல ஆக வேண்டிய வேலைதான்.

ரயில் பத்தி தெரியணும்னா கே-ரைடுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்க, 10 ரூபா ஃபீஸ், 30 நாள்ல பதில் வரணும். கர்நாடகாவுல ஒரு மனுவுல ஒரே விஷயம்தான், 150 வார்த்தைக்குள்ள எழுதணும், கதை எழுதினா ரிஜெக்ட் பண்ண சாக்கு ஆயிடும். நிலம் எடுக்கறது பத்தி ஒரு மனு, ஸ்டேஷன் வேலை பத்தி இன்னொரு மனுன்னு தனித்தனியா போடுங்க. ஏன் லேட்டுன்னு கேக்காதீங்க, அதுக்கு பொதுவா ஏதாவது எழுதி அனுப்புவாங்க. பானஸ்வாடி ஸ்டேஷனுக்கு இப்போ ஒர்க் ஆர்டர் இருக்கா, இருந்தா காப்பி குடுங்கன்னு பேப்பரை கேளுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள ஃபர்ஸ்ட் அப்பீல் போட்டுடுங்க, அந்த தேதியை இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க.