டிக்கெட்டை ஆளுக்கொரு தாளில் எடுங்கள்

மருத்துவ முகாமுக்கோ நிவாரணப் பணிக்கோ குழுவாக இந்தியா போகிறீர்களா? மட்டக்களப்பில் பஸ் ஏறுமுன் கொமினிகேஷன் கடையில் திரும்பிவரும் விமான டிக்கெட்டை ஆளுக்கொரு பிரதி எடுத்து, கடவுச்சீட்டுக்குள் மடித்து வையுங்கள். இ-விசா அனுமதித் தாளையும் கூடவே.

இந்திய விமான நிலையங்களில் வாசலிலேயே பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் கடவுச்சீட்டையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். குழு டிக்கெட் தலைவரின் போனில் மட்டும் இருந்து, அவர் மருந்துப் பெட்டிகளோடு பின்னால் நின்றால் மற்ற எல்லோரும் வெளியே வெயிலில்தான். நம் சிம்முக்கு ரோமிங் இல்லையென்றால் மின்னஞ்சலும் திறக்காது, பாவம் வயதானவர்கள்தான் தவித்துப் போவார்கள்.

அங்கே இணையத்தில் எடுத்த ரயில் டிக்கெட்டுக்கு இப்படித் தாள் தேவையில்லை. முன்பதிவுக் குறுஞ்செய்தியும் அசல் கடவுச்சீட்டும் போதும்.