கச்சேரிக்கு முன் மூத்த ராக் குழுவைச் சந்திக்கச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பெரிய ராக் குழுக்கள் தென்னாப்பிரிக்காவுக்கு வரும்போது பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும்தான் மேடை ஏறுகின்றன. 1995இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் அரங்கில் வாசித்தார்கள். 2011இல் யூ2 குழுவும் 2025 ஜனவரியில் கிரீன் டே குழுவும் அதே நகரின் எஃப்.என்.பி. அரங்கில் வாசித்தன. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கும் நம்மவர்கள் இத்தகைய குழுக்களைப் பார்க்க வேண்டுமானால் ஜோகன்னஸ்பர்க்குக்கே என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர் போயாக வேண்டும். குழுவினரை மேடைக்குப் பின்னால் சந்திக்கும் வாய்ப்பும் கையில் இருந்தால், முதல் தவறு இந்தப் பயணக் கணக்கிலேயே நடந்துவிடுகிறது.

எட்டு மணிக்குக் கச்சேரி, ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் சந்திப்பு பொதுவாக, அரங்கின் கதவுகள் மக்களுக்குத் திறக்கப்படுவதற்கு முன்பே, ஒலிச்சோதனையை ஒட்டிப் பிற்பகலிலோ மாலையின் தொடக்கத்திலோ முடிந்துவிடும். தாமதமாக வந்தவருக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலே போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றுவிடும். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டியபோது சாலை மூடப்பட்டு, பலர் இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். முதல் நாளே போய்த் தங்குவதற்கு ஆகும் தொகையை டிக்கெட் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவதே சரி.

அடுத்தது, எதை வாங்கியிருக்கிறோம் என்று பார்க்காமலேயே கிளம்பிவிடுவது. விஐபி என்று எழுதியிருப்பதெல்லாம் குழுவினரோடு சந்திப்பு ஆகிவிடாது. சிலவற்றில் முன்கூட்டியே உள்ளே விடுவதும் ஒரு டி-சர்ட்டும் மட்டுமே கிடைக்கும். சிலவற்றில் ஒரு பணியாளர் மேடையைச் சுற்றிக் காட்டுவார், அந்த நேரத்தில் குழுவினர் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விதிமுறைகளில் ‘சந்திப்பு’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, எத்தனை உறுப்பினர்கள் வருவார்கள், அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்பவற்றைப் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும். முகநூலில் யாரோ விற்கும் பாஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வாங்காதீர்கள்.

மற்றத் தவறுகள் பெரும்பாலும் நம் நல்ல குணத்திலிருந்தே பிறக்கின்றன. பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது, குடும்பத்தோடு போக வேண்டும், நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும் என்று பழகியவர்கள் நாம். கச்சேரிக்கு முந்தைய மேடைப் பின்புறமோ வேலை நடக்கும் இடம். அங்கே வண்டி வண்டியாகப் பெட்டிகள் உருளும், மேலே விளக்குக் கம்பங்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள், தரையெல்லாம் கம்பிவடம் ஓடும். கலைஞர்கள் அப்போது விருந்தினரை உபசரிக்கும் மனநிலையில் இருப்பதில்லை. இரண்டு மணி நேர உழைப்புக்கு உடம்பைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். இரண்டு பாஸுக்கு ஆறு பேராகப் போய் வாசலில் நின்று மன்றாடுவது அந்த இரண்டு பேரின் வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

சமோசாவும் பிரியாணியும் கட்டிக்கொண்டு போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குழுவுக்கு என்ன உணவு, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ‘ரைடர்’ எனப்படும் ஒப்பந்த இணைப்பில் எழுதப்பட்டிருக்கும். வான் ஹேலன் குழுவின் 1982ஆம் ஆண்டு ரைடரில், பின்புறத்தில் வைக்கும் எம்&எம் மிட்டாய்களில் பழுப்பு நிறத்தவை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. கொழுப்பெடுத்த கோரிக்கை என்று ஊரே சிரித்தது. ஆனால் மேடையின் எடை, மின்சாரம் பற்றிய பாதுகாப்பு விதிகளை ஏற்பாட்டாளர்கள் முழுமையாகப் படித்தார்களா என்று கண்டுபிடிக்கவே அதைச் சேர்த்ததாகப் பாடகர் டேவிட் லீ ராத் பின்னாளில் விளக்கினார். ஒரு மிட்டாய்க்கே இவ்வளவு கணக்கு இருக்கும் இடத்தில், முன்பின் தெரியாதவர் வீட்டில் சமைத்ததை யாரும் உள்ளே விட மாட்டார்கள் என்பதில் வியப்பில்லை. தவிரவும், காரமும் எண்ணெயும் வயிற்றுப் புளிப்பை மேலே கிளப்பித் தொண்டையைக் கெடுக்கும் என்பதால் பல பாடகர்கள் மேடைக்கு முன் அவற்றைத் தொடுவதே இல்லை. நம் ஊர் நினைவாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் கிடைக்கும் மசாலாவை, ஆலையில் முத்திரையிட்டு எழுத்து ஒட்டிய பொட்டலமாக வாங்கி, சுற்றுப்பயண மேலாளரிடம் கொடுங்கள். பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் சிவப்புப் பொடியோடு பாதுகாப்புச் சோதனையில் நிற்பது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மல்லிகைச் சரமும் கனத்த அத்தரும்கூட வேண்டாம். சிறிய அறையில் அந்த வாசனை பாடுகிறவருக்கு இருமலைக் கொண்டுவரும். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது. டீப் பர்ப்பிள் குழுவின் பாடகர் இயன் கில்லன் 1945இல் பிறந்தவர். அந்த வயதில் ஒரு சளி ஒரு வாரக் கச்சேரிகளையே ரத்து செய்துவிடக்கூடும்.

கையை அழுத்திக் குலுக்குவது அன்பின் அடையாளம் என்று நினைப்பவர்கள், எதிரே இருப்பவரின் பிழைப்பே அந்த விரல்களில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். பிளாக் சபாத் குழுவின் கித்தார்காரர் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்ஹாம் தொழிற்சாலையொன்றில் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இழந்து, உறை மாட்டிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் வாசித்தவர். ஐம்பது வருடம் கித்தார் வாசித்த கைகளில் மூட்டுவலியும் நரம்புக் கோளாறும் சாதாரணம். கலைஞர் தாமாகக் கை நீட்டினால் மென்மையாகப் பற்றுங்கள். இல்லையேல் ஒரு வணக்கம் போதும். காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தால் காவலர்தான் முதலில் பாய்வார். டர்பன் வழக்கப்படி ‘அங்கிள்’ என்று அழைக்கவும் வேண்டாம். அந்த உலகில் எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

காது விஷயமும் இப்படித்தான். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன், கேட்கும் திறனையே முழுதாக இழக்க நேரிடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால், 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகினார். எனவே பக்கவாட்டிலிருந்தோ நாலு பேர் சேர்ந்தோ பேசாமல், முகத்துக்கு நேரே நின்று ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினால்தான் சொன்னது போய்ச் சேரும்.

எதைப் பேசுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிரிந்து போன உறுப்பினரைப் பற்றிக் கேட்பது மிகப் பொதுவான பிழை: கித்தார்காரர் ரிச்சி பிளாக்மோர் டீப் பர்ப்பிளை விட்டு இரண்டாம் முறை விலகியது 1993இல், அவர் எப்போது திரும்புவார் என்று இன்றைய கித்தார்காரரிடமே கேட்பது அநாகரிகம். யார் இப்போது குழுவில் இருக்கிறார்கள், யார் காலமாகிவிட்டார்கள் என்பதைப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் நாட்டுக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு. நிறவெறி ஆட்சிக் காலத்தில், வெளிநாட்டுக் கலைஞர்கள் இங்கே வந்து பாடக் கூடாது என்ற பண்பாட்டுப் புறக்கணிப்பு நடப்பில் இருக்கும்போதே, குயின் குழு 1984 அக்டோபரில் சன் சிட்டி கேளிக்கை விடுதியில் பாடியது. அதற்காக பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது, ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறியது. அக்காலத்தில் இங்கே வந்து பாடியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு நிச்சயமாக உண்டு. ஆனால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத வரிசையில் அதற்கு நேர்மையான பதில் வராது, எரிச்சல்தான் வரும். குறிப்பிட்ட ஒரு பாட்டிலோ ஒரு கச்சேரியிலோ உங்களைப் பிடித்துக்கொண்டது எது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

கையெழுத்துக்கு ஒரு பொருள் மட்டும் கொண்டுபோங்கள். இசைத்தட்டின் உறை போதும், தட்டு வீட்டிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் மேலுறையை முன்பே கழற்றிவிட வேண்டும். கறுப்பு உறைக்கு வெள்ளி நிற மார்க்கர், வெளிர் உறைக்குக் கறுப்பு மார்க்கர். வெள்ளி மார்க்கரைக் குலுக்கி, ஒரு காகிதத்தில் கிறுக்கி, மை இறங்குகிறதா என்று வரிசையில் நிற்கும்போதே பார்த்து, மூடியைத் திறந்து நீட்டினால் அவருக்கும் வேலை மிச்சம். மை காயும்வரை விரல் படக் கூடாது. விற்பதற்காக வாங்குகிறீர்கள் என்ற சந்தேகம் வராமலிருக்க, உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஒட்டும் துணிப் பாஸ் கொடுத்தால் அதைப் பட்டுப் புடவையிலோ தோல் ஜாக்கெட்டிலோ ஒட்டாதீர்கள். பசை போகவே போகாது. ஜீன்ஸ் தொடையில் ஒட்டுவது அங்கே வழக்கம். அதைப் படமெடுத்துக் கச்சேரிக்கு முன்பே இணையத்தில் போடுவது கள்ளப் பாஸ் அடிப்பவர்களுக்கு மாதிரி கொடுப்பதாகும். ஒலிச்சோதனையைப் பார்க்க விட்டால் கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். மேடையில் ஒட்டியிருக்கும் பாடல் பட்டியலையும், கித்தார் ஒலியை மாற்றத் தரையில் வைத்திருக்கும் மிதிகருவிகளையும் தொடவே கூடாது.

படத்தைப் பெரும்பாலும் அவர்களின் புகைப்படக்காரரே எடுத்து, பிறகு இணைப்பாக அனுப்புவார். அது சில நாள் கழித்து மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தானாக அழிந்துவிடுவதும் உண்டு. ஆகவே ஊர் திரும்பியதும் அங்கேயும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.