கோவை டு திப்ருகர்: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

கோவை, திருப்பூர் பக்கம் மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் அசாம்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அசாமில் உள்ள திப்ருகருக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்க உட்கார்ந்தால், ஒரு விமானம் ஏழு மணி நேரம் என்று காட்டும், இன்னொன்று பதினாலு என்று காட்டும். எது நியாயம் என்று தெரிய ஒரு கால்குலேட்டர் போதும்.

முதல் வேலை, இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். கூகுள் மேப்ஸில் ஓடுபாதை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேடு 11.03, 77.04. திப்ருகரின் மோகன்பாரி விமான நிலையம் 27.48, 95.02.

அடுத்தது கழித்தல். வடக்கு தெற்காக வித்தியாசம் 16.45 டிகிரி, டிகிரிக்கு 111 கிலோமீட்டர் வைத்தால் 1,826. கிழக்கு மேற்காக 17.98, ஆனால் இதை வெறும் 111-ஆல் பெருக்கி விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும், அதனால் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள அட்சரேகையான 19.26-இன் கொசைன் (கால்குலேட்டரில் cos) 0.944-ஆலும் பெருக்க வேண்டும்: 1,884. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், 2,624 வரும். பூமியின் வளைவைச் சேர்த்துப் போட்டாலும் 2,621தான். (கோவை-லண்டன் போன்ற தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி வேண்டாம், நன்றாகவே தப்பும்.)

இனி நேரம். ஏர்பஸ் 320 மாதிரி விமானம் மேலே போனபின் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 3 மணி 10 நிமிடம். ஓடுபாதை வரை ஊர்ந்து போக, மேலே ஏற, கீழே இறங்க என்று அரை மணி சேருங்கள். 3 மணி 40 நிமிடம்.

ஆனால் நேர் விமானம் கிடையாதே! இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. சென்னை, கொல்கத்தா வழியாகப் போனால் மூன்று விமானத்துக்கும் முறையே 404 + 1,384 + 851, மொத்தம் 2,639 கிலோமீட்டர். நூல் பிடித்த மாதிரி, சென்னையும் கொல்கத்தாவும் கிட்டத்தட்ட அதே நேர்கோட்டில் கிடக்கின்றன. டெல்லி வழி என்றால் சுமார் 3,700, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று. அப்படியானால் சென்னை வழிதான் சீக்கிரம் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். சென்னை வழியில் மூன்று விமானம், ஒவ்வொன்றுக்கும் அந்த அரை மணி, ஆகப் பறக்க 4:40. நடுவில் இரண்டு இடத்தில் குறைந்தது ஒன்றரை மணி காத்திருந்தால் 7:40. டெல்லி வழியில் பறக்க 5:30, காத்திருப்பு ஒரே இடத்தில், மொத்தம் ஏழு மணி. தூரத்தை விட எத்தனை தடவை இறங்கி ஏறுகிறோம் என்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டெல்லி வழியே போட்டுவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரி காலைகளில் அங்கே பனிமூட்டம் விமானங்களைத் தாமதமாக்கும். அந்த மாதங்களில் வட இந்தியாவுக்கு மேலே மேற்கிலிருந்து பலமான காற்றும் அடிக்கும், போகும்போது அது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்க்காற்று, எனவே திரும்பும் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் எல்லா விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டு முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டின் பணம் போய்விடும். இறங்கும் நேரத்தையும் பாருங்கள். டிசம்பரில் திப்ருகரில் நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அங்கிருந்து இன்னும் உள்ளே ஊருக்குப் போக வேண்டியவர் என்றால் மதியத்துக்குள் இறங்குகிற விமானமாகப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்.